அசையாப்பொருள்

ஒருவரை நல்லவர் என்று நம்பி, அதை நாலு பேரிடம் சொல்லியும் விட்டு, பிறகு அந்தப் பேச்சையே வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டி வந்தால், அந்தக் கசப்பு லேசில் போகாது. மூத்தவளுக்கு அன்று பகலில் அதுதான் நேர்ந்தது.

அம்மாவுக்கு வலப்பக்கம் செயலற்றுப் போய், பேச்சும் நின்ற பிறகு, தம்பி எட்டிக்கூடப் பார்க்க மாட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பெயரெடுத்த ஓவியன், நேரமில்லாதவன். அவனோ தானாக வந்து, "காலையில நீ நிம்மதியா வேலைக்குப் போக்கா. அம்மாகிட்ட நான் உக்காந்துக்கறேன்" என்றான். சொன்னபடி தினமும் வந்தான். மதியத்துக்கு மேல் அவள் கணவர் பார்த்துக்கொண்டார். "திடீர்னு என்ன பாசம் பொத்துக்கிட்டு வருது உன் தம்பிக்கு?" என்று போன வாரம் கணவர் கேட்டுவைக்க, அவள் சீறிய சீறலில் மனிதர் இன்னும் அடங்கித்தான் கிடக்கிறார்.

அக்காவும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தொழிலுக்கு வந்தவர்கள்தான். ஆனால் நடுவே ஒரு மலை கிடந்தது. அவள் பென்சில், அவன் கரி.

இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் மெல்லிய தகடு தகடாக ஆனது. தாளில் இழுத்தால் தகடுகள் வழுக்கிக்கொண்டு வந்து படுத்துக்கொள்ளும். அதனால்தான் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் பென்சிலில் முழுக் கருப்பு வராது. சாய்த்துப் பார்த்தால் பளபளவென்று மின்னும். கரி என்பது காற்றுப் புகாமல் சுட்ட குச்சி. உடைந்து சில்லுச் சில்லாகத் தாளின் மேடுபள்ளத்தில் போய் உட்காரும். விழுந்த வெளிச்சத்தை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராது. கிணற்றுக் கருப்பு வேண்டுமானால் கரிதான். ஒரே தொல்லை, ஒட்டாது. சட்டைக் கை பட்டால் போச்சு. மேலே ஸ்பிரே அடித்துக் கெட்டிப்படுத்தும் வரை, கரிப்படத்தின் உயிர் அடுத்தவர் விரல் நுனியில்தான்.

மூத்தவளுக்கு ஒரு பிரேம் கடையில் வேலை. கண்ணாடி அறுக்கும் மேஜைக்கும் வாசலுக்கும் நடுவே அவளுக்கென்று ஒரு சாய்வு மேஜை. ஜனங்கள் போட்டோ கொண்டு வருவார்கள். அவள் அதைப் பார்த்துப் பென்சிலில் முகம் வரைவாள். கடைக்காரர் சட்டம் போட்டுக் கொடுப்பார். இதனால் தம்பி அவளுக்கு வைத்த பெயர் 'போட்டோகாப்பி'. அம்மா பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவனுக்கு வைத்த பெயர் 'கரித்துண்டு'. "முகத்துல கரியைப் பூசிட்டான்னு ஊர்ல அழுவாங்க. என் புள்ளை அதையே பொழைப்பா வச்சிருக்கான்" என்று பெருமை வேறு.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜைக்குத் திரும்பியதுமே பிரேம்காரர் ஒரு பெரிய அட்டைக் கட்டைக் காட்டினார்.

"உங்க தம்பி படம்மா. நேத்து சாயங்காலம் ஆள் மூலமா அனுப்பினார். நாளைக்குக் கண்காட்சி தொறக்குதாம். இன்னைக்கு சாயங்காலம் வண்டி வரும். ஸ்பிரே இன்னும் அடிக்கலை, அவரே வந்து அடிப்பாராம். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு."

"நீங்க விடுங்க. இல்லாட்டி உங்களுக்கு மாலை போட வேண்டியிருக்கும்" என்று சிரித்தாள் அவள்.

"பேர்ச்சீட்டு வேற அடிக்கணும். 'அசையாப்பொருள்'னு எழுதியனுப்பிருக்கார். அசையாச் சொத்துன்னு பத்திரத்துல போடுவாங்களே, அந்த மாதிரியா? வீடு, நிலம் ஏதாவது வரைஞ்சிருக்காரா?"

"இல்லைங்க. மேஜை மேல ஜாடி, பழம், துணின்னு வச்சு வரைவோம். அதெல்லாம் ஆடாது, அசையாது, எப்ப முடியும்னு கேக்காது. அதனால அந்தப் பேரு" என்று சொல்லிக்கொண்டே அவள் கட்டைப் பிரித்தாள்.

முதலில் கண்ணில் பட்டது வேலைப்பாடு. அதுதான் பிற்பாடு அவளுக்கு அவள் மீதே அருவருப்பைத் தந்தது.

ஒரு சின்ன மேஜை. அதில் காய்ந்து ஏடு கட்டிய சூப் கிண்ணம், குறுக்கே ஒரு ஸ்பூன், கசங்கிய துவாலை, தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளர். டம்ளரின் விளிம்பில் ஒரு சொட்டு வெளிச்சம். கரிப்படத்தில் வெள்ளை என்று தனியாக ஒன்று கிடையாது. கருப்பைப் பூசிவிட்டு, பிசைகிற ரப்பரை மாவு போல் உருட்டி ஊசிமுனையாக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் ஒத்தி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் தாள் தெரியும், அதுதான் வெளிச்சம். டம்ளருக்கு ஒன்று எடுத்திருந்தான். டம்ளருக்குள் வரிசையாகச் சின்னச் சின்னதாகச் சில எடுத்திருந்தான். பிறகு, படத்திலேயே மிக நுணுக்கமான ஒன்று, மேஜைக்குப் பின்னால் தலையணையில், மெல்லிய கோடாக நீளவாக்கில் இறங்கியது.

'என்ன அருமையா எடுத்திருக்கான்' என்று நினைத்தாள். அது எதன் மேல் விழுந்த வெளிச்சம் என்று கண் தேடியது.

எச்சில். வாயோரத்திலிருந்து தாடை வரை ஒழுகிய எச்சில்.

டம்ளருக்குள் இருந்தவை பற்கள். தலையணையில் சாய்ந்திருந்தது ஒரு தலை. கண் மூடி, கன்னம் உள்வாங்கி, பல்லில்லாத வாய் திறந்து கிடந்தது. அந்த வாய்க்குள்தான் அவன் தன் கிணற்றுக் கருப்பு மொத்தத்தையும் கொட்டியிருந்தான்.

"யாரும்மா இந்தக் கெழவி?" பிரேம்காரர் முகத்தைச் சுளித்தார். "சாப்பிட்டுட்டு வந்து பாக்கிற படமா இது? பொணமா என்ன?"

"எங்கம்மா" என்றாள் அவள்.

பிரேம்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, இல்லாத தூசியை மேஜையிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அம்மாவின் உடம்பைக் கண்டு அல்ல. அந்த எச்சிலை அவள் தினமும் தன் கையால் துடைப்பவள். கிண்ணம், ஸ்பூன், துவாலை, அம்மா என்று வரிசை போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறானே, அதுதான் குமட்டியது.

அதோடு, அம்மாவின் பல் விஷயம் அவனுக்குத் தெரியாததும் இல்லை. இளம் வயதிலேயே பல் எல்லாம் கொட்டிப்போனவள் அவள். கட்டின புருஷன்கூட அவளைப் பல் செட் இல்லாமல் பார்த்ததில்லை. மூத்தவளின் கணவர் பல் செட் செய்கிறவர். மாமியாருக்குப் புது செட் செய்ய அச்சு எடுத்தபோது அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் வாயைத் திறந்தாள். முடிந்ததும், "மாமியார் வாயை மூட வைக்கிற மாப்பிள்ளைதான் ஊர்ல உண்டு. திறக்க வச்சவர் நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிச் சிரித்தாள், அதுவும் துவாலையால் வாயை மறைத்துக்கொண்டு. இப்போதும் இடது கை ஒன்றுதான் அசைகிறது. அந்தக் கை துவாலையைத்தான் தேடுகிறது.

நாளை அந்த வாயை ஊரே வரிசையில் நின்று பார்க்கும்.

"நாலு மணிக்குள்ள சட்டம் போட்டாகணும்மா" என்றார் பிரேம்காரர்.

"போட வேண்டாம். அவன் கேட்டா நான் எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லுங்க."

இரண்டு அட்டைகளுக்கு நடுவே, தாள் எதிலும் உரசாதபடி ஓரத்தில் கட்டை வைத்து, தன் முதல் எதிரியைப் பூப்போலப் பொதிந்து அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

கணவர் பின்னறையில் தன் வேலை மேஜையில் ஒரு செட்டின் விளிம்பை ராவிக்கொண்டிருந்தார். அம்மா தன் அறையில் கண்ணயர்ந்திருந்தாள். அறைக்கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டு மேஜையில் படத்தைப் பிரித்து வைத்தாள்.

அவர் எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"கீழ் செட்டுல இடப்பக்கம் ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வச்சேன், இயற்கையா இருக்கட்டும்னு. அதைக்கூட விடாம வரைஞ்சிருக்கான் பாரேன்."

"ஏங்க!"

"சரி, சரி. அசிங்கம்தான். அத்தை தூங்கினப்போ வரைஞ்சிருப்பான். ராத்திரி நீ செட்டைக் கழட்டி டம்ளர்ல போடுவியே, அப்ப..."

"ராத்திரி அவன் எங்க வந்தான்?" என்றவள், சட்டென்று நிறுத்தினாள்.

மறுபடி படத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை, நிழலைப் பார்த்தாள். ஜாடி, பழம் வரைகிறவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். பொருள் பொய் சொல்லலாம், நிழல் சொல்லாது. விளக்கு வெளிச்சமாக இருந்தால் கிட்டத்திலிருந்து விரிந்து விழும். ஒவ்வொரு பொருளின் நிழலும் ஒவ்வொரு பக்கம் சாயும். இங்கே கிண்ணத்தின் நிழலும் டம்ளரின் நிழலும் தண்டவாளம் மாதிரி ஒரே திசையில், நீள நீளமாக, கட்டிலைப் பார்த்து ஓடின. சூரியன். தாழ்ந்த சூரியன். அம்மாவின் அறைக்கு ஒரே ஜன்னல், கிழக்கே.

"இது காலை வெயில்ங்க" என்றாள். "காலையில நான் பல்லை மாட்டிவிட்டுட்டுத்தான் கிளம்பறேன். ஒரு நாள் தவறினதில்லை. அப்படின்னா டம்ளருக்குள்ள எப்படி வந்துச்சு?"

அவர் படத்தில் இருந்த டம்ளரை நோக்கி, தாளில் படாமல் விரலை நீட்டினார்.

"மேல் செட்டும் இருக்கு" என்றார் மெதுவாக. "கீழ் செட்டு சும்மா உக்காந்திருக்கிறது, எடுத்தா வந்துரும். மேல் செட்டு அப்படியில்லை. அண்ணத்தோட உறிஞ்சிப் பிடிச்சுக்கும். இழுத்தா வராது. விரலைப் பக்கவாட்டுல உள்ள விட்டு, கன்னத்தை ஒதுக்கி, காத்து போக வழி பண்ணணும். தெரியாதவன் பண்ணா நகம் ஈறுல கீறும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் மேல் ஈறில் கொஞ்ச நாளாக ஒரு புண். ஆற ஆற மறுபடி வந்தது.

"நான் என் செட்டு சரியில்லைன்னு நெனச்சேன்" என்றார் அவர். "தினமும் ராவி ராவிப் பாத்தேன். அத்தைக்கு இப்படி ஒரு செட்டைக் குடுத்துட்டோமேன்னு என் வேலை மேலயே வெறுத்துப்போச்சு எனக்கு."

உள்ளே போய், படத்தைத் தொடாத கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"ஈரத்துணியை எடுத்து ஒரு தேய் தேய்ச்சு விடேன். முடிஞ்சு போகும்" என்றார் அங்கிருந்தே.

"அதான் முடியலை. அம்மா முகத்தை என் கையால அழிக்கச் சொல்றீங்களா?"

அந்தக் கேள்வி அங்கேயே நின்றிருக்க, வாசற்கதவு திறந்தது. தம்பி. ஒரு கையில் ஸ்பிரே டப்பா, நகக்கண்ணெல்லாம் கருப்பு. மூத்தவளின் கண் அந்த நகத்திலேயே நின்றது.

"என்னக்கா இது? கடைக்குப் போனா படத்தைக் காணோம். பொறாமையை வேற எப்பவாவது வச்சுக்கயேன். வண்டி பின்னாடியே வருது."

"அம்மா பல்லைக் கழட்டினியா?"

அவன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் கொடுமை.

"ஆமா. மெதுவாத்தான் எடுத்தேன். செட்டோட முகம் பொய்யா இருந்துச்சுக்கா. வாய் மூடியிருந்தா அந்தக் கருப்பு கிடைக்காது. வரைஞ்சு முடிச்சதும் கழுவித்தான் திரும்ப மாட்டிவிட்டேன்."

"எத்தனை நாளு?"

"கைக்கு வர வரைக்கும்."

"மச்சான், ஈறு புண்ணாயிருக்கு" என்றார் கணவர்.

"அதான் நீங்க இருக்கீங்களே மாமா, சரி பண்ண."

"அம்மா என்னடா சொன்னாங்க?" அவள் குரல் உடைந்தது.

"ஒண்ணும் சொல்லலையே."

"அவங்களாலதான் சொல்ல முடியாதேடா, பாவி!"

"இங்க பாரு, போட்டோகாப்பி" என்றான் அவன். "நீ சுருக்கத்தை அழிச்சு, கண்ணுல வெளிச்சம் வச்சு, எல்லாரையும் இருபது வயசு கொறைச்சு விக்கிறே. நான் இருக்கிறதை வரையறேன். இதுல யாரு அசிங்கம்?"

"நான் வரையறவங்க அவங்களா வந்து என்கிட்ட முகத்தைக் குடுத்தாங்க. நீ விரலை விட்டுப் பிடுங்கியிருக்கே."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு படத்தைத் தூக்கினான். "உன்கிட்ட என்ன பேச்சு? அம்மாவையே கேட்டுக்கலாம். அவங்களுக்கு என் வேலை புடிக்கும்."

அவள் தடுப்பதற்குள் அறைக்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவளும் பின்னாலேயே நுழைந்தாள்; கணவர் அறை வாசலுக்கு வெளியே நின்றார்.

அம்மா விழித்திருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அவன் படத்தை அவள் மடிமேல் சாய்த்துப் பிடித்தான், பரிசு வாங்கி வந்த பையன் மாதிரி.

"பாரும்மா. நீதான். நல்லா வந்திருக்கில்ல?"

அம்மா பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். பார்வை தலையணைக்கு ஏறியதும் அவள் இடது கை துவாலையைத் தேடித் துழாவியது. எடுத்து வாயில் வைக்கப் போனவள், பாதியில் அதை நழுவவிட்டாள். கை படத்தை நோக்கிப் போயிற்று. கட்டைவிரல் அந்தத் திறந்த வாயின் மேல் அழுந்தியது. ஒரே இழுப்பு.

கிணறாக இருந்த கருப்பு கன்னம் தாண்டி இழுபட்டு, உதடு, ஈறு, எச்சில் எல்லாம் ஒரே புகையாகிப் போயின.

மூத்தவளுக்குக் கண் நிறைந்தது. தம்பி அலறப் போகிறான் என்று காத்திருந்தாள்.

அவன் அலறவில்லை. தலையைச் சாய்த்தான். கண்ணைச் சுருக்கினான்.

"ஐயோ" என்றான். குரலில் அத்தனை சந்தோஷம். "ஐயோக்கா, பாரேன் இதை! இந்தக் கோடு என்னால ஜென்மத்துக்கும் போட முடியாது. வாயை மூடிக்கிற மாதிரியே இருக்கு! இப்பதான் படம் முடிஞ்சுது. யாரும் தொடாதீங்க!"

கட்டைவிரலால் ஸ்பிரே டப்பாவின் மூடியைத் தெறிக்கவிட்டு, டப்பாவைக் குலுக்கினான். உள்ளே குண்டு கடகடத்தது. ஸ்பிரே அடித்துவிட்டால் அம்மாவின் விரல்தடமும் அவனுடைய படத்தோடு படமாகக் கெட்டிப்பட்டுவிடும்.

அம்மாவின் கை மறுபடி வந்தது. மிச்சம் இருந்த கன்னத்துக்கும் கண்ணுக்கும் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே படத்தை அவளுக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கினான்.

"போதும்மா, போதும். கெடுத்துராத."

மூத்தவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"படம் இந்த ரூமைத் தாண்டாது."

"விளையாடாத, நகரு. மாமா, சொல்லுங்க அவகிட்ட!"

"நான் தாழ்ப்பாள் பக்கம்தான்" என்று கதவுக்கு வெளியேயிருந்து கணவரின் குரல் வந்தது.

கீழே தெருவில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"கு..."

அக்காவும் தம்பியும் திரும்பினார்கள். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாக்கு எதையோ நெம்பியது.

"குடு."

விழுந்த நாளிலிருந்து அந்த வாயில் வந்த முதல் சொல். கெஞ்சல் துளியும் இல்லை. கைப்பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பிள்ளையை வாசலில் மடக்கி நிறுத்துகிற குரல் அது. கரி படிந்த உள்ளங்கையை அவள் நீட்டிய மேனிக்கே வைத்திருந்தாள்.

தம்பியின் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. ஒரு கையில் படம் தலைக்கு மேலே இருந்தது. மறு கையின் சுட்டுவிரல் ஸ்பிரேயின் பொத்தான் மேல் இருந்தது.

கீழே ஹாரன் இன்னொரு முறை அடித்தது.